கொம்பில்லா மானும் காட்டின் கணக்கும்

ஐக்கிய அமெரிக்காவில் இன்று ஏறத்தாழ 3 கோடி வெண்வால் மான்கள் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. 1900-ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் எஞ்சியிருந்தவை 3 முதல் 5 இலட்சம் வரையே என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், அற்றுப்போகவிருந்த ஓர் உயிரினம் ஒரு நூற்றாண்டுக்குள் பல இடங்களில் மிகைப்பட்டு நிற்கும் நிலைக்கு வந்திருப்பது புலப்படும். மீட்சிக் காலத்தில் மானைக் காப்பதே வினாவாக இருந்தது; இன்றோ, ஒரு நிலம் எத்தனை மான்களைத் தாங்கும், அவற்றுள் ஆணும் பெண்ணும் எவ்வளவு இருக்க வேண்டும், மிகுதியை எவ்வாறு குறைப்பது என்பன வினாக்களாகிவிட்டன. இவற்றுள் வேட்டைக்காரர்களையும் நில உரிமையாளர்களையும் வனவிலங்கு அறிஞர்களையும் நெடுங்காலம் பிரித்து வைத்திருப்பது, பெண்மானைச் சுடலாமா, சுடுவதாயின் எத்தனை என்னும் வினாவே ஆகும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மான்வேட்டை முற்றிலும் குற்றமாகிவிட்ட இந்தியாவிலிருந்து பார்ப்போருக்கு, வேட்டையே ஒரு பராமரிப்புக் கருவியாகப் பயன்படும் ஏற்பாடு புதிதாகத் தோன்றலாம். அமெரிக்காவில் காட்டு மான் எவருடைய தனிச் சொத்தும் அன்று. அது மக்களுக்கு உரியது, மாநில அரசு அதை மக்களின் பொருட்டுப் பேணுகிறது என்பதே அங்குள்ள சட்ட நெறி. வேட்டைப் பருவம் எப்போது, ஒருவர் எத்தனை மான் சுடலாம், அவற்றுள் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பவற்றை மாநில வனவிலங்குத் துறை வகுக்கிறது. வேட்டையாடிய காட்டு மானின் இறைச்சியை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் தன் நிலத்துக்குள் எவர் வரலாம் என்பதை நில உரிமையாளரே முடிவு செய்வதாலும், கிழக்கு மாநிலங்களிலும் டெக்சசிலும் நிலத்தின் பெரும்பகுதி தனியார் கையில் இருப்பதாலும், அரசு வகுத்த எல்லைக்குள் உண்மையில் எத்தனை மான் குறைகிறது என்பது குடும்பத் தோட்டங்களையும் குத்தகைக்கு எடுத்த வேட்டைக் குழுக்களையும் பொறுத்தே அமைகிறது. ஓநாயும் மலைச்சிங்கமும் கிழக்குப் பகுதியின் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்துவிட்டதால், வளர்ந்த மானின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முதன்மையான ஆற்றலாக அங்கு வேட்டைக்காரரே எஞ்சியுள்ளனர்.

காப்பாற்றிய விதியே சுமையானது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் சந்தையை நோக்கி நடந்த கட்டற்ற வேட்டை மான்களைப் பெருமளவில் அழித்தது. அதைத் தடுக்கும் முயற்சிகளுள் முதன்மையானது, சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதைத் தடைசெய்த 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம். 1937-இல் நிறைவேறிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டு, ஆய்வுக்கும் மீள்குடியேற்றத்துக்கும் நிலையான நிதியை ஏற்படுத்தியது. இவற்றோடு பல மாநிலங்கள் கொம்புள்ள ஆண்மானை மட்டுமே சுடலாம் என்னும் விதியையும் கொண்டுவந்தன. பென்சில்வேனியா 1907-இல் கொம்பில்லா மான்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

அக்காலத்துக்கு அவ்விதி மிகப் பொருத்தமானதே. ஓர் ஆண்மான் ஒரே பருவத்தில் பல பெண்மான்களோடு இணையக்கூடும் என்பதால், ஆண்களில் ஒரு பகுதி குறைந்தாலும் பிறப்பு குறைவதில்லை. பெண்மான் ஒன்று குறைந்தாலோ, அடுத்த ஆண்டு அது ஈன்றிருக்கக்கூடிய குட்டிகளும் சேர்ந்தே குறைகின்றன. ஆகவே மந்தையைப் பெருக்க விரும்புவோர் பெண்மானைத் தொடாதிருப்பதே தகுந்த வழி. மான்கள் பெருகிய பின்னரும் அவ்விதி மாறாமல் நின்றதே சிக்கலின் தோற்றுவாய். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கமாகவே அது வேரூன்றிவிட்டதால், பெண்மானைச் சுடுபவர் மந்தையின் எதிர்காலத்தையே கெடுப்பவர் என்னும் எண்ணம் மூன்று தலைமுறைகளுக்கு நீடித்தது. எந்த ஏரணம் பெருக்கத்துக்கு வழிகாட்டியதோ அதே ஏரணமே, பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் பெண்மான்களைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் காட்டுகிறது. ஆனால் அதன் இந்தப் பாதியைக் கேட்கப் பலர் ஆயத்தமாக இல்லை.

பெருக்கத்தின் கணக்கு

வெண்வால் மானின் இனப்பெருக்க வேகத்தை அறிய மிச்சிகன் மாநிலத்தின் ஜார்ஜ் ரிசர்வ் என்னும் வேலியிட்ட நிலம் சிறந்த சான்று. ஏறத்தாழ 1,150 ஏக்கர் பரப்புள்ள அந்த நிலத்தில் 1928-இல் 2 ஆண், 4 பெண் என 6 மான்கள் விடப்பட்டன. ஆறாவது ஆண்டில், ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு எண்ணியபோது குறைந்தது 160 மான்கள் இருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலிருந்த அந்த மந்தையைப் பற்றிய பல பதிற்றாண்டுத் தரவுகளை ஆராய்ந்து டேல் மெக்கல்லோ 1979-இல் வெளியிட்ட நூல், மான் மேலாண்மையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இவ்வேகத்துக்குக் காரணம் பெண்மானின் உடலியல். சினைக்காலம் ஏறத்தாழ 200 நாட்கள். நல்ல உணவு கிடைக்கும் நிலத்தில் வளர்ந்த பெண்மான் ஆண்டுதோறும் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். அந்த ஆண்டே பிறந்த பெண்குட்டிகளுள் நன்கு வளர்ந்தவை ஆறு, ஏழு மாத வயதிலேயே சினைப்படுவதும் உண்டு. உணவு குறையும்போது இவை யாவும் மாறுகின்றன. இரட்டைக்குப் பதில் ஒற்றைக்குட்டி பிறக்கிறது, பெண்குட்டிகள் ஓராண்டு தாமதித்தே சினைப்படுகின்றன, பிறந்த குட்டிகளில் பல பால் போதாமல் மடிகின்றன. ஒரு நிலம் தன் தாவர வளத்தைக் கொண்டு நெடுங்காலம் தாங்கக்கூடிய விலங்குகளின் உச்ச எண்ணிக்கையைத் தாங்குதிறன் என்பர். மந்தை தாங்குதிறனை நெருங்க நெருங்க, மான்களின் எண்ணிக்கை மிகுந்தும் அவற்றின் உடல்நலமும் குட்டி வளமும் குன்றியும் காணப்படும். அதற்குக் கணிசமாகக் கீழே வைக்கப்பட்ட மந்தையோ எண்ணிக்கையில் சிறியதாயினும் உடல் எடையிலும் கொம்பின் பருமனிலும் குட்டிகளின் உயிர்பிழைப்பிலும் மேம்பட்டு, ஆண்டுதோறும் மிகுதியான விளைவைத் தரும்.

மிகைப்பட்ட மந்தையின் விலையை மானுக்கு முன்பே காடு செலுத்திவிடுகிறது. மான் எட்டும் உயரம் வரை இலை தழை ஏதுமின்றி, அதற்குமேல் மட்டும் பசுமை தொடங்கும் காடுகளில், ஒரு கோடு கிழித்தாற்போல் தெரியும் அந்த எல்லையை மேய்ச்சல் கோடு என்பர். அக்கோடு தென்பட்ட காட்டில் நாற்றுகள் மரமாவதில்லை. ஓக் போன்று மான் விரும்பும் மரங்கள் மறைய, அது தொடாத பெரணியும் பீச் மரமும் அவ்விடங்களைப் பிடிக்கின்றன. அமெரிக்க வனத்துறை பென்சில்வேனியாவின் அலிகெனிக் காடுகளில் வெவ்வேறு அடர்த்தியில் மான்களை வேலிக்குள் வைத்துப் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வில், மான் அடர்த்தி மிக்க நிலங்களில் நடுத்தட்டுச் செடிகொடிகளில் கூடுகட்டும் பறவைகளின் இன வளம், அடர்த்தி குறைந்த நிலங்களைவிட 27 விழுக்காடும், அவற்றின் எண்ணிக்கை 37 விழுக்காடும் குறைந்திருந்தன. பெண்மான்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவது பறவைகளையும் நாளைய மரங்களையும் பற்றிப் பேசுவதே என்பதை இந்த ஆய்வு தெளிவாக்குகிறது.

பாலின விகிதம்: சொல்லப்படுவதும் உண்மையும்

ஓர் ஆண்மானுக்கு எத்தனை பெண்மான்கள் உள்ளன என்னும் கணக்கே பாலின விகிதம். வேட்டைக்காரர்களிடையே இது பெரிதும் பேசப்பட்டாலும், எதை எதனோடு ஒப்பிடுவது என்பதில் பெரும் குழப்பம் நிலவுகிறது. முதிர்ந்த மான்களை மட்டும் கணக்கிட வேண்டும். குட்டிகளைச் சேர்க்கக் கூடாது. வேட்டைக்கு முன் உள்ள விகிதமும் வேட்டைக்குப் பின் உள்ள விகிதமும் வேறுவேறானவை என்பதால், எப்போது எடுத்த கணக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் சொல்லப்படும் விகிதம் ஒப்பீட்டுக்குப் பயன்படாது.

தங்கள் நிலத்தில் ஓர் ஆண்மானுக்குப் பத்து அல்லது பதினைந்து பெண்மான்கள் இருப்பதாகப் பலர் முறையிடுவதுண்டு. எளிய கணக்கொன்று அது ஏன் பெரும்பாலும் இயலாதது என்பதைக் காட்டும். ஒரு நிலத்தில் முதிர்ந்த பெண்மான்கள் 100 உள்ளன என்றும், அவற்றுக்கு இலையுதிர் பருவம் வரை பிழைத்த குட்டிகள் 80 என்றும் கொண்டால், பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம் என்பதால் அவற்றுள் 40 ஆண்குட்டிகள். வேட்டைக்காரர்கள் அந்த ஆண்டு கொம்புள்ள ஆண்மான் ஒன்றைக்கூட விடாமல் சுட்டுவிட்டாலும், அடுத்த ஆண்டு வேட்டை தொடங்கும் முன் அந்த 40 குட்டிகளும் ஒன்றரை வயது ஆண்மான்களாகி நிற்கும். பெண்மான்கள் 100 ஆகவே நீடித்தால் விகிதம் இரண்டரைக்கு ஒன்று. குட்டிகளின் பிழைப்பு இதில் பாதியாகக் குறைந்து 20 ஆண்மான்களே சேர்ந்தாலும் ஐந்துக்கு ஒன்று. ஆகவே வேட்டைக்கு முன்னுள்ள விகிதம் ஐந்துக்கு ஒன்றைத் தாண்டுவது அரிது. பத்துக்கு ஒன்று எனக் கண்ணுக்குத் தோன்றுவதற்கு, முதிர்ந்த ஆண்மான் எச்சரிக்கை மிகுந்து இரவில் நடமாடுவதும், பெண்மான்கள் கூட்டமாக வெட்டவெளியில் மேய்வதும், கொம்பு முளைக்காத ஆண்குட்டிகளும் பெண்மான்களாகவே எண்ணப்படுவதும் காரணங்கள்.

இதனால் விகிதம் பொருட்படுத்தத்தக்கது அன்று என்றாகாது. நாட்டின் வடபகுதியில் பெண்மான்களில் பெரும்பாலானவை நவம்பர் நடுவில் சினைப்பருவம் அடைகின்றன. அப்பருவம் ஒவ்வொரு பெண்மானுக்கும் ஓரிரு நாட்களே நீடிக்கும். அந்நேரத்தில் ஆண்மான் அதை விட்டகலாமல் காத்து நிற்பதால், ஒரே நாளில் பல பெண்மான்கள் சினைப்பருவம் அடைந்து, ஆண்மான்களோ மிகக் குறைவாக இருந்தால், சில பெண்மான்கள் இணை கிடைக்காமல் தவறிவிடக்கூடும். தவறியவை ஏறத்தாழ 4 வாரங்களுக்குப் பின் மீண்டும் சினைப்பருவம் அடைந்து, அதற்கேற்பப் பிந்தியே ஈனும். மே இறுதி முதல் ஜூன் வரை பெரும்பாலான குட்டிகள் ஒருசேரப் பிறக்கும்போது, கொன்றுண்ணிகள் தின்று தீர்க்க இயலாத அளவில் அவை மிகுந்திருப்பதால் பல பிழைத்துக்கொள்கின்றன. பிறப்பு கோடை முழுவதும் பரவினால் அந்தக் காப்பு குறைகிறது. பிந்திப் பிறந்த குட்டி குளிர்காலத்துக்குள் போதிய கொழுப்பைச் சேர்க்க இயலாது நலிவதும் உண்டு. இணைசேரும் பருவம் நீள்வதால் ஆண்மான்களும் தம் உடல்வளத்தை இழந்த நிலையில் குளிர்காலத்துக்குள் நுழைகின்றன. பெண்மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் இளம் ஆண்மான்களை வளரவிடுவதும் இவ்விகிதத்தை இரு பக்கத்திலிருந்தும் சீராக்குகின்றன.

ஆண்மானின் வயது

பெண்மானைக் காத்து ஆண்மானை மட்டும் சுடும் வழக்கம் விகிதத்தைவிட வயது அமைப்பையே கடுமையாகக் குலைத்தது. கொம்பு தெரிந்தவுடன் சுடப்படுவதால், ஆண்மான்களில் பெரும்பாலானவை ஒன்றரை வயதைத் தாண்டுவதில்லை. ஐந்து, ஆறு வயதில்தான் கொம்பு தன் முழு வளர்ச்சியை எட்டும் என்றபோதும் அவ்வயதை அடையும் ஆண்மான் அரிதாகிவிட்டது. டெக்சசைச் சேர்ந்த உயிரியலாளர்களான ஆல் பிரதர்ஸ், மர்ஃபி ரே ஆகியோர் 1975-இல் வெளியிட்ட நூல், இளம் ஆண்மான்களைச் சுடாமல் விடுவதையும் அதற்கு ஈடாகப் போதிய பெண்மான்களைக் குறைப்பதையும் ஒரே திட்டத்தின் இரு கூறுகளாக முன்வைத்தது. அக்கருத்தைப் பரப்புவதற்காக 1988-இல் ஜோ ஹாமில்டன் தென் கரோலினாவில் தரமான மான் மேலாண்மைச் சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் மற்றோர் அமைப்போடு இணைந்து அது இப்போது தேசிய மான் சங்கம் என்னும் பெயரில் இயங்குகிறது.

இத்திட்டத்தின் இரு கூறுகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோரே மிகுதி. பெரிய கொம்பின் மீதுள்ள ஆசையால் இளம் ஆண்மானை விட்டுவிடுவது எளிது. பெண்மானைக் குறைக்கும் உழைப்பைப் பலர் தவிர்க்கின்றனர். அவ்வாறு செய்தால் நிலத்தில் மொத்த மான்களின் எண்ணிக்கை முன்னிலும் கூடி, உணவு முன்னிலும் குறைந்து, வளரவிட்ட ஆண்மானும் எதிர்பார்த்த வளர்ச்சியை அடைவதில்லை. கொம்பைத் தேடுபவருக்கும் பெண்மானே முதற்கணக்கு.

நிலத்தில் எண்ணுவது எப்படி

எத்தனை பெண்மான்களைக் குறைப்பது என்னும் முடிவு, நிலத்தில் இருப்பவற்றை அறிந்த பின்னரே எடுக்கத்தக்கது. தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு எண்ணும் முறை 1990-களில் ஹாரி ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் வகுத்தது. நூறு ஏக்கருக்கு ஒன்று என்னும் அளவில் கேமராக்களை நிறுத்தி, அவற்றின்முன் மக்காச்சோளம் தூவி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் படமெடுப்பர். ஒவ்வோர் ஆண்மானின் கொம்பும் தனித்தன்மை உடையது என்பதால், படங்களிலிருந்து வெவ்வேறு ஆண்மான்கள் எத்தனை எனப் பிரித்தறியலாம். பெண்மான்களையும் குட்டிகளையும் அவ்வாறு தனித்தனியே அறிய இயலாது. ஆயினும் ஓர் ஆண்மான் சராசரியாக எத்தனை படங்களில் விழுந்தது என்பதைக் கொண்டு, பெண்மான்களின் மொத்தப் படங்களிலிருந்து அவற்றின் எண்ணிக்கையை மதிப்பிடலாம். தீவனம் தூவுவதை மாநில விதி அனுமதிக்கும் இடங்களில் மட்டுமே இம்முறை செல்லும்.

கேமரா காட்டாதவற்றைச் சுடப்பட்ட மானின் உடலே காட்டுகிறது. கீழ்த்தாடைப் பற்களைக் கொண்டு வயதறியும் முறையை நியூயார்க் மாநில உயிரியலாளர் செவரிங்ஹாஸ் 1949-இல் வெளியிட்டார். மூன்றாம் முன்கடைவாய்ப்பல் மூன்று முகடுகளோடு இருந்தால் அது பால்பல், அந்த மான் ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கு உட்பட்டது. அது விழுந்து இரு முகடுள்ள நிலைப்பல் வந்திருந்தால் மூத்தது. அதற்குமேல் பற்களின் தேய்மானம் வயதைத் தோராயமாகச் சொல்லும். இரண்டரை வயதும் அதற்கு மேலுமான பெண்மான்களில் எத்தனையின் மடியில் பால் சுரக்கிறது என்பதைப் பார்த்து, அந்த ஆண்டு குட்டிகள் எவ்வளவு பிழைத்தன என்பதை ஊகிக்கலாம். ஒரே வயதுடைய மான்களின் எடை ஆண்டுதோறும் குறைந்துவருமானால் நிலம் சுமை தாங்காமல் தவிக்கிறது என்று கொள்ளலாம். இவற்றோடு, ஒவ்வொரு வேட்டை நாளிலும் கண்ட ஆண், பெண், குட்டி ஆகியவற்றை எழுதிவைக்கும் பழக்கமும், காட்டின் தாழ்ந்த கிளைகளில் மேய்ச்சல் எவ்வளவு என்பதைப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்தால், நான்கைந்து ஆண்டுகளில் அந்த நிலத்தின் போக்கு தெளிவாகும். ஓராண்டின் தனிக் கணக்கு பிழைபடலாம். பல ஆண்டுகளின் போக்கு பெரும்பாலும் பிழைபடாது.

எத்தனை, எவற்றை, எப்போது

எண்ணிக்கையை முடிவு செய்யும் முறையை விளக்கக் கற்பனையாக ஒரு நிலத்தைக் கொள்ளலாம். ஆயிரம் ஏக்கரில் முதிர்ந்த பெண்மான்கள் 30; அவற்றுக்கு இலையுதிர் பருவம் வரை பிழைத்த குட்டிகள் 24; அவற்றுள் பெண்குட்டி 12. அடுத்த ஆண்டும் பெண்மான்கள் 30 ஆகவே இருக்க வேண்டுமானால், 42 பெண்பால் மான்களில் 12 ஏதோ ஒரு வகையில் குறைய வேண்டும். நோய், குளிர், சாலை விபத்து ஆகியவற்றால் 4 குறையும் என்று கொண்டால், வேட்டையால் குறைக்க வேண்டியவை 8. மந்தையைச் சிறிதாக்க விரும்பினால் 12, 13 எனக் கூட்ட வேண்டும். இதே நிலத்தில் குட்டிகளின் பிழைப்பு பாதியாகி, 12 குட்டிகளே எஞ்சினால், பெண்குட்டி 6. இயற்கை இழப்பு 4 போக, வேட்டைக்கு உரியவை இரண்டே. நிலமும் பெண்மான்களும் மாறாதபோதும், குட்டிப் பிழைப்பு ஒன்றே எட்டை இரண்டாக்கிவிடுகிறது. பக்கத்து மாவட்டத்தில் கேட்ட எண்ணை அப்படியே பின்பற்றுவது ஏன் தவறு என்பதற்கு இக்கணக்கே போதுமான விடை.

எதைச் சுடுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஆண்குட்டியின் தலையில் கொம்புக்குரிய மேடு மட்டுமே இருப்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவர் அதைப் பெண்மான் என்று எண்ணிச் சுட்டுவிடுவது அடிக்கடி நேர்கிறது. இளம் ஆண்களைக் காக்கும் திட்டமே அதனால் குலைகிறது. வளர்ந்த பெண்மானின் உச்சந்தலை காதுகளுக்கிடையே உருண்டும் முகம் நீண்டும் இருக்கும். ஆண்குட்டியின் உச்சந்தலை தட்டையாகவும் முகம் குட்டையாகவும் இருக்கும். தனியே வரும் கொம்பில்லா மானைச் சுடாமல், பல மான்கள் சேர்ந்து நிற்கும்போது ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான வழி என்று பட்டறிவுள்ளோர் வலியுறுத்துகின்றனர். பருவத்தின் தொடக்கத்திலேயே பெண்மான்களைக் குறைப்பது இரு வகையில் நன்மை தரும். இணைசேரும் பருவத்துக்கு முன்பே விகிதம் சீராகிறது. குளிர்காலத்துக்கான உணவும் எஞ்சியவற்றுக்கு மிஞ்சுகிறது.

மானின் குடும்ப அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. பெண்குட்டிகள் வளர்ந்த பின்னும் தாயின் வாழிடத்தை ஒட்டியே தங்கிவிடுவதால், பாட்டியும் தாயும் மகளுமாகச் சேர்ந்த கூட்டம் ஒரே இடத்தில் பெருகுகிறது. இளம் ஆண்மான்களில் பாதிக்கும் மேற்பட்டவையோ ஒன்றரை வயதை ஒட்டிப் பிறந்த இடத்தை விட்டுப் பல கிலோமீட்டர் அகன்றுவிடுகின்றன. ஒரு நிலத்தில் பெண்மான்களைக் குறைத்தால் அதன் விளைவு அந்த நிலத்திலேயே பெரிதும் தங்கும். அங்குக் காத்து வளர்த்த இளம் ஆண்மானோ அயலாரின் நிலத்துக்குப் போய்விடக்கூடும். சில நூறு ஏக்கர் மட்டுமே உடையவர் தனித்து நின்று ஆண்மான்களின் வயதை உயர்த்த இயலாது. அண்டை நிலத்தாரோடு கூடி ஒரே விதியை ஏற்றுக்கொள்ளும் கூட்டமைப்புகள் பல மாநிலங்களில் இதனாலேயே தோன்றியுள்ளன. பெண்மான்களைக் குறைப்பதற்கோ அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை.

குறைக்கக் கூடாத இடங்கள்

பெண்மான்களைக் குறைப்பது எங்கும் எப்போதும் பொருந்தும் மருந்தன்று. தென்கிழக்கு மாநிலங்களில் கொயோட்டி என்னும் சிறு ஓநாய் இனம் பரவிய பின் குட்டிகளின் இழப்பு பெருகியுள்ளது. தென் கரோலினாவின் சவானா ஆற்றுப் பகுதியில் ஜான் கில்கோவும் பிறரும் நடத்திய ஆய்வுகள், பிறந்த குட்டிகளில் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் கொயோட்டிகளுக்கு இரையாவதைக் காட்டின. அத்தகைய நிலத்தில் பழைய அளவிலேயே பெண்மான்களைச் சுட்டுவந்தால் மந்தை விரைவில் தேய்ந்துவிடும். வட மாநிலங்களில் கடும் பனிக்குப் பின்னும், சிறு கடிப்பூச்சிகள் பரப்பும் இரத்தக்கசிவு நோய் கண்ட ஆண்டுகளிலும் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

இதற்கு மாறாக, மான்களை மேலும் குறைக்க வேண்டிய கட்டாயத்தையும் ஒரு நோய் உண்டாக்கியுள்ளது. 1967-இல் கொலராடோவில் முதன்முதலாக அறியப்பட்ட நாட்பட்ட நலிவு நோய், மூளையைச் சிதைக்கும் பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் வருவது. கண்ட மான் பிழைப்பதில்லை, மருந்தும் இல்லை. 2002-இல் அது விஸ்கான்சினில் கண்டறியப்பட்டது. வளர்ந்த ஆண்மான்களில் அது பெண்மான்களைவிட மிகுதியாகக் காணப்படுவதால், ஆண்மான்களை முதிரவிடும் கொள்கையே நோய் பரவிய நிலங்களில் மறு ஆய்வுக்கு உள்ளாகியுள்ளது. விகிதம், வயது, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒருசேர மனத்தில் கொண்டு, ஆண்டுதோறும் முடிவைத் திருத்திக்கொள்பவரே இத்துறையில் நல்ல மேலாளர்.

மக்களை இணங்கவைத்தல்

வேட்டைக்காரர்களை இக்கணக்கை ஏற்கச் செய்வதே இத்துறையின் கடினமான பணியாக இருந்துவந்துள்ளது. வனவிலங்கு மேலாண்மையை ஓர் அறிவுத்துறையாக நிறுவிய ஆல்டோ லியோபோல்ட், விஸ்கான்சின் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக இருந்த 1943-இல், பட்டினியால் மடியும் மந்தையைக் குறைக்கக் கொம்பில்லா மான்களையும் சுட அனுமதிக்க வேண்டும் என வாதாடினார். அப்பருவத்தில் ஏறத்தாழ 1,28,000 மான்கள் சுடப்பட்டன. மாநில மக்களில் பலர் அதைக் குற்றமென்றே பெயரிட்டு அழைத்தனர், லியோபோல்டும் கடுமையாகப் பழிக்கப்பட்டார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் பென்சில்வேனியாவிலும் இதே மோதல் எழுந்தது. கரடி ஆய்வாளராகப் பெயர்பெற்ற கேரி ஆல்ட் அம்மாநிலத்தின் மான் திட்டப் பொறுப்பை ஏற்று, ஊர் ஊராகச் சென்று விளக்கக் கூட்டங்கள் நடத்தினார். 2002-இல் கொம்பின் ஒரு பக்கத்தில் பகுதிக்கேற்ப மூன்று அல்லது நான்கு முனைகளாவது இல்லாத ஆண்மானைச் சுடக் கூடாது என்னும் கட்டுப்பாடு வந்தது. பெண்மான்களுக்கான உரிமச்சீட்டுகளும் பெருகின. முதிர்ந்த ஆண்மான்கள் கூடியதை வேட்டைக்காரர்கள் வரவேற்றனர். மொத்தத்தில் மான்கள் அரிதாகவே கண்ணில் படுவதாகச் சினந்தனர். எதிர்ப்பு ஓயாத நிலையில் 2004 இறுதியில் அவர் பதவி விலகினார். ஆயினும் கொம்புக் கட்டுப்பாடு நிலைத்தது. விஸ்கான்சினில் 1996-இல் தொடங்கி, ஆண்மானைச் சுடும் உரிமை பெற முதலில் ஒரு கொம்பில்லா மானைச் சுட வேண்டும் என்று சில பகுதிகளில் கொண்டுவரப்பட்ட விதியோ, மந்தையைக் குறைப்பதில் பயன் தந்தபோதும் வெறுப்பைத் தேடிக்கொண்டு 2011-இல் சட்டமன்றத்தாலேயே நீக்கப்பட்டது. வற்புறுத்தலைவிட விளக்கமும், விளக்கத்தைவிடத் தன் நிலத்தில் தானே எடுத்த கணக்கும் வேட்டைக்காரரின் மனத்தை மாற்றுவதில் வலிமை மிக்கவை.

கொன்ற மான் வீணாகாமல் பயன்படுவதும் இந்த இணக்கத்துக்கு உதவுகிறது. தம் குடும்பத்தின் தேவைக்கு மேல் பெண்மான்களைச் சுடத் தயங்குவோர், அந்த இறைச்சி பசித்தவரின் உணவாகும் என்றால் முன்வருகின்றனர். பென்சில்வேனியாவில் 1991 முதல் இயங்கிவரும் ஒரு நன்கொடைத் திட்டத்தில், பதிவு செய்த இறைச்சிக் கூடங்கள் மான்களைப் பெற்று அரைத்துப் பொதிந்து, உணவு வங்கிகள் வழியாக ஏழைக் குடும்பங்களுக்கு அனுப்புகின்றன.

உயிரைக் கொல்வதால் ஒரு மந்தை நலம்பெறும் என்னும் கருத்து எவருக்கும் எளிதில் உவப்பதன்று, உவக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கொன்றுண்ணிகளை மனிதன் அகற்றிவிட்ட நிலத்தில், வேட்டை நிறுத்தப்பட்டால் மான்கள் சாகாமல் இருப்பதில்லை. பனியிலும் பட்டினியிலும் சாலையிலும் சாகின்றன, அவற்றோடு காட்டின் அடுத்த தலைமுறையும் மறைகிறது. மந்தையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பை ஏற்றவர், கொம்பின் அளவைக் கொண்டு தம் நிலத்தின் தரத்தை மதிப்பிடும் பழக்கத்தை விட்டு, எத்தனை பெண்மான்கள், எத்தனை குட்டிகள் பிழைத்தன, எத்தனை நாற்றுகள் மேய்ச்சல் கோட்டைத் தாண்டி வளர்ந்தன என்னும் மூன்று எண்களை ஆண்டுதோறும் குறித்துவைக்க வேண்டும். அவற்றுள் மூன்றாவது எண் கூடிவந்தால், முதலிரண்டையும் அவர் சரியாகக் கணித்திருக்கிறார் என்பதற்கு அதைவிட நம்பகமான சான்று வேறில்லை.